கணக்கில் வராத டீ

ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இன்று எண்ணூர் ரோட்டில் என் டிரெய்லர்கள் பதினொன்று ஓடுகின்றன. கன்டெய்னரைப் பார்த்தாலே எத்தனை டன் என்று சொல்லிவிடுவேன். எடைமேடைகூட எனக்கு அப்புறம்தான். அப்படிப்பட்டவன் என் உடம்பின் எடையில் ஏமாந்தேன்.

மனைவிக்கு என் கிட்னியைக் கொடுக்க வேண்டும். எட்டு கிலோ குறைந்தால்தான் ஆபரேஷன் என்றார் டாக்டர். தட்டில் விழுந்த ஒவ்வொரு இட்லிக்கும் நோட்டில் கலோரி எழுதினேன். இரண்டு மாதத்தில் அரைக் கிலோதான் இறங்கியது.

நோட்டைப் புரட்டிய மகள் கேட்டாள்: "இன்னா நைனா, டீயே காணோம்?"

"டீ இன்னா சாப்பாடாம்மா? வர்றவங்களோட பேசிக்கினே குடிக்கிறது."

"ஒரு நாளைக்கு எத்தினி?"

"எட்டு இருக்கும்."

"எட்டு டீ, சக்கரையோட! ஒரு வேளை சோறு நைனா அது!"

டயாலிசிஸ் முடிந்து படுத்திருந்த மனைவி சிரித்தாள்.

"எனுக்கு ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணிதான்யா. மாத்திரை முழுங்குற தண்ணியக்கூட அதுலதான் கழிச்சிக்கினு கீறேன்."

அவள் கணக்கில் ஒரு மடக்குகூடத் தப்பியதில்லை.

மறுநாள் டிரெய்லர்கள் நிற்கும் யார்டில் டீ வந்தது. கிளாஸைத் தொடாமல் நோட்டைத் திறந்து, 'டீ சைபர்' என்று எழுதினேன்.