ஹெல்வி அக்கா கூரைக்குப் புல் கேட்ட கதை

நான் பள்ளிக்கூடம் போனது இரண்டே வருடம். ஆனாலும் எங்கள் மலையில் முதல் காப்பித் தோட்டம் போட்டவன் நான், முதல் லாரி வாங்கியவனும் நான். ஹெல்வி அக்கா இங்கே முப்பத்தொரு வருடம் ஊழியம் செய்ததற்குக் காரணமும் நான்தான். அக்காவே இதை ஒப்புக்கொள்வார். கர்த்தர்தான் காரணம் என்று முதலில் சொல்வார், அப்புறம் என் பக்கம் திரும்புவார்.

பின்லாந்திலிருந்து எங்கள் பப்புவா மலைக்கு வந்தபோது அவருக்கு முப்பது வயது. கொக்கு மாதிரி கால்கள். சேற்றில் எங்கள் பன்றிகளைவிட அதிகம் புரண்டவர் அவர்தான். ஆற்றங்கரையில் புல் வேய்ந்த ஆலயம், பக்கத்தில் மருந்து அறை. புண்ணுக்குக் கட்டுப் போட எல்லோரும் போனோம். ஞாயிறு மணி அடித்தால் ஒருவரும் போகவில்லை.

ஏழு வருடம் இப்படியே போயிற்று. காலிப் பெஞ்சுகளுக்கு முழுப் பிரசங்கம் செய்வார். பிறகு எங்கள் பெயரைச் சொல்லி ஒவ்வொருவருக்காகவும் ஜெபிப்பார். வேலியில் சாய்ந்துகொண்டு நானே கேட்டிருக்கிறேன். யகாலிக் கிழவரின் பன்றிக்கு இருமல் நிற்க வேண்டும் என்றுகூட வேண்டினார். பன்றி பிழைத்தது. யகாலி எட்டிப் பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். முதல் வருடம் யகாலியின் புண்பட்ட கால் அழுகிப்போகாமல் அக்கா காப்பாற்றினார். கிழவர் ஒரு பன்றித் தொடையைச் சுமந்துகொண்டு போனார். தேவனுடைய அன்புக்கு விலை கிடையாது என்று அக்கா அதைத் திருப்பி அனுப்பிவிட்டார். நல்ல மனசோடுதான் செய்தார். ஆனால் கொடுத்துவிட்டு வாங்க மறுப்பவர், ‘உன் உறவு எனக்கு வேண்டாம்’ என்கிறார் என்றே எங்களுக்கு அர்த்தம். அப்புறம் கரும்பு போனது, கோழி போனது. எல்லாமே திரும்பி வந்தன. அந்த அவமானத்தோடு யார் போய் அவர் பெஞ்சில் உட்காருவார்கள்?

எட்டாம் வருடம் அவரை அனுப்பிய சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. வருடக் கடைசிக்குள் சபையில் பத்துப் பேராவது சேராவிட்டால் மூட்டை கட்டிக்கொண்டு திரும்ப வேண்டும். அதே மாதம் ஆறு பெருகி ஆலயத்தைப் பெஞ்சோடு அள்ளிக்கொண்டு போயிற்று.

கரையில் பாவாடையைப் பிழிந்துகொண்டு நின்றார் அக்கா. நான் பக்கத்தில் போனதும் என்னிடம் சொன்னார்.

“கர்த்தர் என்னைப் போகச் சொல்றாரோ என்னமோ, லகானே.”

“அவர் சொன்னாரான்னு எனக்குத் தெரியாது. நான் சொல்றதைக் கேளுங்க. இத்தனை வருஷத்துல எங்ககிட்ட ஒரு பிடி புல்லாவது கேட்டிருக்கீங்களா?”

“நான் குடுக்கத்தானே தம்பி வந்தேன்.”

“அதான் கோளாறு. குடுத்துக்கிட்டே இருக்கறவங்களோட யாரு அக்கா உறவு வெச்சுப்பாங்க? போய்க் கேளுங்க.”

மூன்று நாள் உபவாசம் இருந்து ஜெபித்தார். ஒரு கட்டுப் புல் கேட்க இவ்வளவு ஜெபம் செய்தவரை நான் பார்த்ததில்லை. நான்காம் நாள் யகாலி வீட்டு முன்னால் முகம் சிவந்து நின்றார். நானும் பின்னாலேயே போனேன். நான் இல்லாமல் எங்கள் ஊரில் எது நடக்கும்?

“அப்பா, எனக்குக் கூரை இல்ல. அஞ்சு கட்டுப் புல் வேணும். அன்னிக்குக் கறியைத் திருப்பி அனுப்பினது என் தப்பு.”

யகாலி கிழங்கை நிதானமாகத் தோலுரித்து முடித்தார். பிறகு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

“அஞ்சு கட்டு உன் உயரத்துக்கே பத்தாதே, மகளே.”

மறுநாள் இருபது கட்டுப் புல்லும் ஒரு பன்றியும் வந்தன. அக்காவுக்குக் கொழுப்பு ஆகவே ஆகாது. அன்றைக்கு யகாலி பார்த்துக்கொண்டே இருந்ததால் இலையில் போட்டதை மிச்சம் வைக்காமல் தின்றார். அதற்கப்புறம் வீடு வீடாகக் கேட்கத் துணிந்துவிட்டார். மேட்டில் ஒன்பதே நாளில் ஆலயம் எழும்பியது. உயரமான கம்பங்கள் எல்லாம் நான் கொடுத்தவை. கூரையில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு பங்கு.

முதல் ஞாயிறு அறுபத்து மூன்று பேர் வந்தோம். அக்கா அந்த எண்ணிக்கையைச் சங்கத்துக்கு எழுதினார். அவரைத் திரும்பக் கூப்பிடும் பேச்சு அதோடு நின்றது. எதற்காக வந்தோம் என்பதை எழுதியிருப்பாரா என்பது எனக்குச் சந்தேகம்தான். யாருடைய பங்கு ஒழுகுகிறது என்று பார்க்கத்தான் வந்தோம். பாதிப் பிரசங்கத்தில் மழை பிடித்தது. யகாலியின் பங்குதான் ஒழுகியது. சிரிப்புச் சத்தத்தில் அக்கா பேச்சை நிறுத்த வேண்டியதாயிற்று.

கிழவர் சரிசெய்துவிட்டு, அடுத்த ஞாயிறு சோதிக்க வந்தார். அதற்கடுத்த ஞாயிறும் வந்தார். கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தக் காதுகளில் வசனமும் விழுந்திருக்கிறது. வருகிற ஈஸ்டரில் ஞானஸ்நானம் வேண்டும் என்று அவராகவே கேட்டார். அன்றைக்குத்தான் அக்கா எங்கள் முன்னால் முதல்முறையாக அழுதார்.