ஒன்பதாம் வளைவில் ஐந்து கோடு

நான் நாலாவது வரை படித்தவன். ஐந்தாவதுக்கு வாத்தியார் வீட்டுக்கே வந்து கூப்பிட்டார், நான் பஞ்சர் ஒட்டப் போய்விட்டேன். இன்று மலையடிவாரத்தில் இரண்டு மாடி சைக்கிள் கடை என்னுடையது. மேலே முப்பத்தாறு வாடகை சைக்கிள், கீழே பழுது பார்க்கும் இடம். ஒரு சக்கரம் கோணியிருந்தால் நான் குனிந்து பார்க்க வேண்டியதில்லை, சுற்றுகிற சத்தத்தை வைத்தே எந்தக் கம்பி தளர்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்ல என்னிடம் வேறு நிறைய இருக்கிறது. ஆனால் இப்போது எழுத உட்கார்ந்தது என் மைத்துனனைப் பற்றி. என் மனைவியின் தம்பி.

ஊரில் அவனுக்குப் பெயர் கோடு. சாலைத் துறையில் முப்பத்தொரு வருஷமாக வேலை. மலைமேல் போகிற பழைய ரோடு, இருபத்து மூன்று வளைவு, அதுதான் அவன் பொறுப்பு. பதினோரு வருஷத்துக்கு முன்னால் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை போட்டார்கள். லாரி, பஸ், கார் எல்லாம் அந்த ஓட்டைக்குள் போய்விட்டது. பழைய ரோட்டில் காலையில் ஒரு பால் வண்டி போகும், அவ்வளவுதான். அதற்கப்புறம் ஓடையில் தண்ணீர் போகிற சத்தம் கேட்கும். யாராவது சைக்கிளில் ஏறினால் செயின் பல்லில் உட்காருகிற சத்தம்கூடக் கேட்கும். அந்த அமைதிக்காகவே எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து சைக்கிள் மிதிக்க ஆரம்பித்தார்கள். முதலில் வாடகைக்கு விட்டது நான்தான். மற்றவர்களுக்கு அந்த யோசனை வர இரண்டு வருஷம் ஆயிற்று.

கோடு என்ற பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்று சொல்கிறேன். தினமும் அவன் தன் இரும்பு சைக்கிளில் மேலே போவான். விழுந்த கல்லை எடுத்துப் போடுவான், ஓடையில் அடைத்த இலையை வாருவான், குழிக்குத் தார் ஊற்றுவான். புதிதாக வருகிறவர்கள் பாவம், வளைவுக்கு அப்பால் என்ன ஏற்றம் என்று தெரியாமல் மூச்சு வாங்குகிறார்களே என்று ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டான். ஒரு கோடு என்றால் உட்கார்ந்தபடியே மிதிக்கலாம். இரண்டு என்றால் கியரை இறக்கு. மூன்று என்றால் எழுந்து நின்று மிதி. நான்கு என்றால் இறங்கித் தள்ளு. அளப்பதற்கு அவனுக்குக் கருவி கிடையாது, அவன் கால்தான் கருவி. மழைக்காலம் முடிந்ததும் அழிந்த கோட்டை எல்லாம் புதிதாகப் போடுவான். யாரும் சொல்லவில்லை, அவனாகச் செய்தான். அதற்கு விளக்கப் பலகை எழுதிக் கடை வாசலில் மாட்டியது நான். சொந்தக் கையெழுத்து, ஒரு பிழை கிடையாது. கடைசியாக அவன் ஐந்து கோடு என்று ஒன்று சேர்த்தபோது நானும் பலகையில் சேர்த்தேன்: "ஐந்து கோடு: நெஞ்சு பலம் உள்ளவர்கள் மட்டும்."

இந்த வருஷம் துறையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பழைய ரோட்டை யாரும் உபயோகிக்காவிட்டால் எதற்குப் பராமரிப்பு? ஒரு மாதம், நான்கு ஞாயிற்றுக்கிழமை, உச்சியில் ஒரு ஆள் உட்கார்ந்து எண்ணுவார். ஒரு ஞாயிறாவது நூறு பேர் உச்சிக்கு வர வேண்டும். வராவிட்டால் இரண்டு பக்கமும் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிவிடுவார்கள். என் மைத்துனனைச் சுரங்கத்துக்கு மாற்றிவிடுவார்கள், விளக்குத் துடைக்கிற வேலைக்கு.

அன்று ராத்திரி அவன் சாப்பிடவில்லை. "அங்க காத்து இல்லையே மாமா" என்றான். அதிகம் பேசுகிற ஆள் இல்லை அவன். அவர்கள் குடும்பத்துப் பேச்சு முழுவதையும் அவன் அக்காவே எடுத்துக்கொண்டாள்.

நான் கவலையே படவில்லை. ஞாயிற்றுக்கிழமை என் கடை சைக்கிள் மட்டுமே முப்பத்தாறும் போய்விடும், சொந்த சைக்கிளில் வருகிறவர்கள் அதைவிட இரண்டு மடங்கு. "நூறு என்ன மாப்ளே, நூத்தம்பது காட்டுறேன் பாரு" என்றேன்.

முதல் ஞாயிறு உச்சியில் எண்ணியது முப்பத்தொன்று. இரண்டாவது ஞாயிறு இருபத்தெட்டு.

"துறையிலேருந்து வந்து உக்காந்திருக்கிற பொண்ணுக்கு எண்ணத் தெரியுமா?" என்று மைத்துனனிடம் கேட்டேன்.

"கையில ஒரு மெஷின் வெச்சிருக்காங்க மாமா. ஆள் வந்தா ஒரு அமுக்கு. சரியாத்தான் அமுக்குறாங்க."

"என் சைக்கிளே முப்பத்தாறு போச்சுடா! மீதி எட்டு சைக்கிள் என்ன பறந்தா போச்சு?"

மூன்றாவது ஞாயிறு நான் கல்லாவை மனைவியிடம் விட்டுவிட்டு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். யாரிடம் காது குத்துகிறார்கள்! உச்சிக்குப் போய்வர மூன்று மணி நேரம் ஆகும். ஏழு மணிக்குக் கிளம்பியவர்கள் எட்டரைக்கே திரும்பி வந்துகொண்டிருந்தார்கள். கண்ணாடி போட்ட ஒரு டீச்சர் அம்மா, நல்ல உடல்வாகு, வேர்வைகூட இல்லை.

"என்னம்மா, அதுக்குள்ள வந்துட்டீங்க?"

"ஒன்பதாவது வளைவுல அஞ்சு கோடு போட்டிருக்கே சார். உங்க பலகையில வேற நெஞ்சு பலம்னு எழுதியிருக்கீங்க. எனக்கு எதுக்கு வம்புன்னு திரும்பிட்டேன்."

அவருக்குப் பின்னால் வந்தவர்களும் அதையே சொன்னார்கள். ஒரு ஆள் என்னைப் பாராட்டிவிட்டு வேறு போனார்: "பலகை வெச்சு உயிரைக் காப்பாத்துனீங்க." எனக்கு மூக்கு உடைந்த மாதிரி இருந்தது.

அன்று உச்சியில் பத்தொன்பது.

சாயங்காலம் கடையின் பின்கட்டில் நான், என் மனைவி, மைத்துனன் மூன்று பேரும் உட்கார்ந்தோம். டீ ஆறிக்கொண்டிருந்தது. விஷயத்தைச் சொன்னதும் மைத்துனனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"முப்பத்தொரு வருஷமா ஏறுற ரோடு மாமா. என் கால் பொய் சொல்லாது. அந்த வளைவுல நான் இறங்கி, ரெண்டு தடவை நின்னு நின்னுதான் தள்ளுறேன். அஞ்சு போடாம என்ன போடுறது?"

"உன் சைக்கிளைக் கொண்டாடா" என்றாள் அவன் அக்கா.

கடையில் சைக்கிளை மாட்டி நிறுக்கிற கொக்கித் தராசு இருக்கிறது. அதில் மாட்டினோம். பின்னால் மரப்பெட்டி, அதற்குள் கடப்பாரை, மண்வெட்டி, தார் டின், சுண்ணாம்பு டின், விளக்குமாறு, மழைக்கோட்டு. முள் ஐம்பத்தெட்டு கிலோவில் போய் நின்றது. கியர் கிடையாது. பக்கத்தில் என் வாடகை சைக்கிளை மாட்டினேன், பன்னிரண்டு.

"நாப்பத்தாறு கிலோவை முதுகுல கட்டிட்டு அளந்திருக்கே" என்றேன். சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவள் சிரிக்கவில்லை. "பத்து வருஷத்துக்கு முன்னாடி அந்த வளைவுக்கு எத்தனை கோடு போட்டே?"

அவன் டீ டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "ரெண்டு."

"அப்புறம்?"

"மூணு. போன வருஷம் நாலு."

"பெட்டி அதே பெட்டிதானே?"

"ஆமா."

"மலை வளந்துச்சாடா தம்பி?"

எனக்குச் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. அவனுக்கு ஐம்பத்தாறு வயது. வருஷா வருஷம் அவன் முட்டிக்கு வயதாகி, அது தரையில் கோடாக விழுந்துகொண்டே வந்திருக்கிறது. ரோட்டில் போகிற அத்தனை பேரும் அதைப் படித்திருக்கிறார்கள், படிக்காதது நாங்கள் மூன்று பேர்தான்.

அவன், "அப்ப நான் சுரங்கத்துக்கே போயிடுறேன்கா. ரோட்டைக் கெடுத்ததே நான்தானே" என்றான்.

"ரோட்டை யாரும் கெடுக்கலை. கோடுதான் தப்பு. கோட்டை அழிச்சுட்டுப் போடு."

"யார் காலை வெச்சு அளக்குறது?"

"ஏன், என் கால் என்ன ஆச்சு?" என்றேன் நான்.

"உங்க காலா? அது பெருமையில ரெண்டு கோடு குறைச்சுச் சொல்லும்" என்றாள் என் மனைவி. "நான் வரேன். அறுபத்தொண்ணு எனக்கு. நாள் பூரா கல்லாவுல உக்காந்திருக்கேன். எனக்கு முடியுதுன்னா எல்லாருக்கும் முடியும்."

திங்கட்கிழமை விடிந்ததும் மூன்று பேரும் கிளம்பினோம். பெட்டியை விட்டுவிட்டு வரச் சொன்னதற்கு அவன் வாசலிலேயே நின்றான், வெறுங்கையோடு வேலைக்குப் போவதா என்று. கடைசியில் சுண்ணாம்பு டின்னையும் பிரஷையும் மட்டும் கைப்பிடியில் தொங்கவிட்டுக்கொண்டான். என் கடையிலேயே நல்ல சைக்கிளாகப் பார்த்து அவனுக்குக் கொடுத்தேன். முதல் வளைவு தாண்டியதும் திரும்பிப் பார்த்துக் கேட்டான்:

"மாமா, இதுல செயின் இருக்கா இல்லையா? சத்தமே காணோமே."

"யார் பூட்டுன செயின்!" என்றேன்.

அளவை எப்படி எடுத்தோம் என்றால், அது என் கண்டுபிடிப்பு. என் மனைவி பேசிக்கொண்டே வருவாள், அதைத் தடுக்க முடியாது. அவள் தடையில்லாமல் பேசினால் ஒரு கோடு. வார்த்தைக்கு வார்த்தை மூச்சு விட்டால் இரண்டு. பேச்சு நின்றால் மூன்று. அவள் பக்கத்து வீட்டில் ஆரம்பித்து, தண்ணீர்த் தொட்டி, தன் பெரியம்மா மகள் கல்யாணம் என்று போய்க்கொண்டிருந்தாள். ஓடைச் சத்தமும் அவள் சத்தமும்தான். பாசி பிடித்த தடுப்புச் சுவரில் ஒரு குருவி உட்கார்ந்து எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தது. ஆறு வளைவுக்கு ஒரே கோடு.

ஒன்பதாம் வளைவில், "நேத்து அந்த மாடி..." என்றவள் நிறுத்தினாள். "வீட்டுக்காரி" என்பது வளைவைத் தாண்டிய பிறகுதான் வந்தது. மூன்று கோடு. நாற்பது வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவள் பேச்சை நிறுத்தி நான் பார்த்தது மூன்று இடத்தில்தான், மூன்றும் அந்த ரோட்டில் இருக்கிறது. நான் பதினாலாம் வளைவில் இறங்கினேன். என் செயினைச் சரிபார்க்க வேண்டியிருந்தது.

அவனோ ஒன்பதாம் வளைவை இறங்காமலே ஏறினான். இரண்டு வருஷத்தில் முதல் தடவை. மேலே போய்க் காலை ஊன்றி நின்றவனிடம், "பாத்தியா, உனக்கு ஒண்ணும் வயசாகலை" என்றேன்.

"சைக்கிள் ஏறுச்சு மாமா" என்றான். அவ்வளவுதான்.

அந்த வாரம் முழுவதும் பழைய கோட்டின் மேல் தார் பூசிப் புதுக் கோடு போட்டான். நான் பலகையை இறக்கிக் கடைசி இரண்டு வரியையும் சுரண்டி எடுத்தேன். நானே எழுதியது, சுரண்டக் கை வரவில்லைதான். ஆனாலும் எடுத்தேன்.

நான்காவது ஞாயிறு. பத்து மணிக்குக் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு நானும் ஏறினேன். உச்சியில் துறைப் பெண் குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் மைத்துனன் கொஞ்சம் தள்ளி ஓடையில் இலை வாரிக்கொண்டிருந்தான். வாருவதற்கு அங்கே இலையே இல்லை. எனக்குச் சற்று முன்னால் அந்தக் கண்ணாடி டீச்சர் வந்து இறங்கி, கைப்பிடியில் தலையைச் சாய்த்தபடி சிரித்துக்கொண்டிருந்தார்.

"எத்தனைம்மா?" என்று கேட்டேன்.

"உங்களோட நூத்தி நாலு சார்."

நான் மைத்துனனைப் பார்த்தேன். அவன் நிமிரவே இல்லை, விளக்குமாற்றை மட்டும் கீழே வைத்தான். பிறகு வந்து அந்தப் பெண்ணிடம், "நான் அதுல இருக்கேனாம்மா?" என்று கேட்டான்.

"இல்லைங்கய்யா. வேலைக்கு வர்றவங்களை எண்ணக்கூடாதுன்னு உத்தரவு."

"நல்லது. நான் நாளைக்கும் வருவேன்" என்றான். அன்று மாலைக்குள் நூற்றிருபத்தேழு ஆயிற்று. கேட் வரவில்லை.

போன வாரம் ஒன்பதாம் வளைவில் நின்றபோது பார்த்தேன். நடுரோட்டில் மூன்று கோடு, கை அகலத்துக்கு, பளிச்சென்று. ஓடை ஓரமாக, விரல் நீளத்தில், பொடிசாக இன்னும் ஐந்து கோடு.

"இது என்னடா?" என்றேன்.

"அது எனக்கு மாமா. பெட்டியோட வரும்போது."

திரும்பி வந்து அவன் இரும்பு சைக்கிளை வாங்கி, யாராலும் முடியாது என்று சொன்ன வேலை, பின்சக்கரத்தில் மூன்று கியர் பூட்டிக் கொடுத்திருக்கிறேன். மழை முடிந்து அவன் கோடு போடப் போகும்போது அந்த ஐந்தில் ஒன்றையாவது அழிக்க வேண்டியிருக்கும்.