சிவப்பு விளக்கு

எங்கள் பழைய ஹெட்செட்டின் ஒயரில் பட்டாணி அளவுக்கு ஒரு விளக்கு இருக்கும். பக்கத்திலுள்ள பொத்தானை அழுத்தினால் அது சிவப்பாக எரியும். அப்போது நாம் பேசுவது எதிர்முனைக்குக் கேட்காது. எங்கள் குழுத் தலைவி லீடரக்காவின் இடது கைக் கட்டைவிரல் எப்போதும் அந்தப் பொத்தான் மேலேயே இருக்கும். “சொல்லுங்கண்ணே, சாப்டீங்களாண்ணே?” என்று தேனாகக் கேட்பார். கட்டைவிரல் அழுந்தும், விளக்கு சிவக்கும். “எடுபட்ட பயலே, பொண்டாட்டி கழுத்துல கிடந்ததையும் கழட்டிட்டியா?” என்று பல்லைக் கடிப்பார். மறுபடி ஒரு அழுத்து. “ஆமாண்ணே, லைன்லதான் இருக்கேன்.” முதல் நாள் பக்கத்தில் உட்கார்ந்து இதைப் பார்த்தபோது, விளக்கு எரிகிறதா என்று எட்டி எட்டிப் பார்த்தேன். சீக்கிரமே நானும் அப்படித்தான் பேசினேன். அந்தத் தளத்தில் எல்லோரும் அப்படித்தான். அந்த வசவு மட்டும் இல்லையென்றால் ஒருத்தரும் அங்கே நீடித்திருக்க முடியாது.

காசு கட்டி ரம்மி ஆடும் செல்போன் செயலி எங்கள் கம்பெனியினுடையது. திருச்சி தில்லை நகரில் ஒரு கடைக்கு மேலே ஒற்றை அறையில் தொடங்கியதாகச் சொல்வார்கள். நான் சேர்ந்தபோது கன்டோன்மென்ட்டில் இரண்டு மாடி, எங்கும் கண்ணாடி. சூதாட்டம் என்ற சொல்லை வாயில் எடுக்கக்கூடாது, திறமை விளையாட்டு என்றுதான் சொல்ல வேண்டும் என்பது பயிற்சியின் முதல் பாடம். எங்கள் குழுவின் வேலை பெரிய தொகை கட்டுகிறவர்களைக் கவனிப்பது. பிறந்த நாளுக்கு வீட்டுக்கு இனிப்புப் பெட்டி போகும், பொங்கலுக்கு வேட்டி போகும். யாராவது மனம் வெறுத்துக் கணக்கை மூடினால் மூன்றாம் நாள் கூப்பிட்டு, “உங்களைக் காணாம ஆபீஸே வெறிச்சுன்னு இருக்குண்ணே” என்று சொல்ல வேண்டும். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் காவிரியைத் தாண்டிப் போவேன். பெண் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருக்கிறாள் என்று அம்மா தெருவெல்லாம் சொல்லி வைத்திருந்தாள்.

தோற்றவர்கள் போனில் பேசிய பேச்சை இங்கே எழுத முடியாது. வெட்டுவேன், கொளுத்துவேன் என்பதெல்லாம் சாதாரணம். தொட்டியத்தில் வாழைத்தார் விற்ற காசை ஒரே மத்தியானத்தில் தோற்ற ஒருவர், என் குரல் நினைவிருக்கிறது, பஸ் ஸ்டாண்டில் கேட்டால்கூட அடையாளம் கண்டு கழுத்தை நெரிப்பேன் என்றார். சில மாதங்கள் நான் பஸ்ஸில் வாயையே திறக்கவில்லை, டிக்கெட்டுக்குக்கூட விரலைத்தான் காட்டினேன். லீடரக்கா அதற்கெல்லாம் மிரள மாட்டார். பொன்மலை ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கோபம் வந்தால் கையில் கிடைத்தது பறக்கும். ஸ்டேப்ளர் பட்டுப் பெயர்ந்த சுவரை நானே பார்த்திருக்கிறேன். அவருடைய அப்பா சீட்டாடிக் குடும்பத்தைக் கெடுத்திருப்பார், அதுதான் ஆடுகிறவர்கள் மேல் இத்தனை ஆத்திரம் என்று ஒருத்தி கதை கட்டினாள். அது அவர் காதுக்குப் போனது. “எங்கப்பா சீட்டைத் தொட்டதே இல்லடி. சும்மாவே அடிப்பாரு” என்றார்.

அரசாங்கம் சும்மா இருக்கவில்லை. தடை வந்தது, வழக்கு வந்தது, மறுபடி சட்டம் வந்தது, அதன்பின் விதிகள் வந்தன. ஆதார் காட்ட வேண்டும், ஆடும் நேரத்தில் எச்சரிக்கை வர வேண்டும், நள்ளிரவு முதல் விடியற்காலை ஐந்து வரை ஆடவே கூடாது. கம்பெனி எல்லா விதிக்கும் தலையாட்டியது. எச்சரிக்கையைப் பொடி எழுத்தில் போட்டு, அதை மூடும் பெருக்கல் குறியைப் பெரிதாகப் போட்டது. ஐந்து மணிக்கு உள்ளே வருகிறவர்களுக்கு ‘சுப்ரபாத போனஸ்’ என்று ஒன்றைக் கொண்டுவந்தது. கோயில் மணி கேட்டு எழுந்து பழகிய எனக்கு அந்தப் பெயரை வைத்தவனை அறைய வேண்டும் போலிருந்தது. இன்றும் அந்த ஆத்திரம் தீரவில்லை.

அரியமங்கலத்தில் இரும்பு கடையும் லேத் பட்டறை வைத்திருந்த ஒருவர் லீடரக்காவின் கணக்கில் இருந்தார். இரண்டு லேத்தில் ஒன்றை ஏற்கெனவே விற்று ஆடியிருந்தார். ஒரு மத்தியானம் அவரே கூப்பிட்டார். மிச்சமிருக்கும் லேத்துக்கும் ஆள் வந்துவிட்டது, இந்த வாரம் காசு கைக்கு வரும், பெரிய போனஸாகப் போட்டு வையுங்கள் என்று கல்யாணச் செய்தி சொல்வதுபோல் இடைவிடாமல் சொன்னார். லீடரக்காவின் கட்டைவிரல் அழுந்தியது, விளக்கு சிவந்தது. “நாசமாப் போறவனே, சோறு போடுற மெஷினை வித்து ஆடுறியே, நீயெல்லாம் ஒரு அப்பனா? உம்புள்ளைங்க தெருவுல நிக்கணுமாடா?” என்று ஆரம்பித்து மூச்சு வாங்கும்வரை திட்டினார். அப்புறம் லைன் அறுந்தது. அந்த வாரம்தான் புது ஹெட்செட் கொடுத்திருந்தார்கள். அதில் விளக்கு தலைகீழ்: மைக் திறந்திருந்தால் சிவப்பு, மூடினால் அணைந்துவிடும். அன்றுதான் அதை முதல் முறை மாட்டியவர், சிவப்பு எரிவதைப் பார்த்து மைக் மூடியிருக்கிறது என்று நினைத்து அழுத்தி அணைத்திருக்கிறார், அதில் மைக் மூடிக்கொண்டது; திட்டுவதற்காக மறுபடி அழுத்தியபோது திறந்துகொண்டது. சிவப்பைப் பார்த்ததும் எங்களில் யாராக இருந்தாலும் அதை நம்பித்தான் இருப்போம்.

மறுநாள் காலை நாங்கள் டீக் கோப்பையோடு உட்கார்ந்திருக்கும்போது கண்ணாடிக் கதவு உடைந்து விழுந்தது. லேத்துக்காரர் கையில் முழ நீள இரும்பு ஷாஃப்ட் கம்பி. தடுத்த காவலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஒவ்வொரு மானிட்டராக அடித்துக்கொண்டே, “எவடி அவ? என்னைத் திட்டினவ எவடி?” என்று வந்தார். பெண்கள் மேஜைக்கடியில் புகுந்தோம். லீடரக்கா மட்டும் எழுந்து நின்று, “நான்தான்டா” என்றார். கம்பி இறங்கியது. தலைக்குக் குறுக்கே தூக்கிய இடது கை மேல் விழுந்தது. அந்தச் சத்தம் தளம் முழுக்கக் கேட்டது. நான் மேஜைக்கடியிலிருந்து எழுந்து என் எவர்சில்வர் தண்ணீர் பாட்டிலை முழு பலத்தோடு எறிந்தேன். லேத்துக்காரர் புருவம் கிழிந்து ரத்தம் கண்ணில் வழிந்தது. கம்பியைக் கீழே போட்டுவிட்டு, லீடரக்காவின் தொங்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். எங்கள் ஆபீஸ் பையன்கள் நாலைந்து பேர் சேர்ந்து அவரை மிதித்தார்கள். அவர் ஒரு அடியைக்கூடத் தடுக்கவில்லை.

போலீஸ் கேட்டபோது லீடரக்கா படியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டார். விஷயம் வெளியே போகாமலிருந்தால் போதும் என்று கம்பெனியும் வாயை மூடிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நான் அவரிடம் சண்டையே போட்டேன். “அவனை உள்ள வச்சா வக்கீலுக்குக் குடுக்க லேத்தை விப்பான். பேசாம இருடி” என்றார். கட்டுப் போட்ட கையோடு அவர் வேலைக்கு வந்த அன்றே பெங்களூர் மேலதிகாரி வீடியோவில் வந்தார். அந்தப் பட்டறைக்காரர் முக்கியமான வாடிக்கையாளர், மன்னிப்புக் கேட்டு, போனஸ் கொடுத்து, திரும்பக் கொண்டு வாருங்கள் என்றார். உடைந்த கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லீடரக்கா ஹெட்செட்டை மாட்டி, லேத்துக்காரரின் எண்ணை அழுத்தினார். இம்முறை விளக்கைக் குனிந்து நன்றாகப் பார்த்துக்கொண்டார்.

“அண்ணே, கம்பெனி மன்னிப்புக் கேக்கச் சொல்லுது, போனஸ் குடுக்கச் சொல்லுது. ரெண்டும் நான் செய்யப் போறதில்ல. கை உடைஞ்சா கூடிரும். லேத்து போனா திரும்பி வராது. வித்துட்டேன்னு மட்டும் கேள்விப்பட்டேன், உம் பட்டறைக்கு வந்து உன் ரெண்டு கையையும் நான் உடைப்பேன்.”

பிறகு ஹெட்செட்டைக் கழற்றி, மேலதிகாரியின் முகம் தெரிந்த திரையிலேயே ஓங்கி அடித்தார். திரை கறுத்துப்போனது. பையை எடுத்துக்கொண்டு, மாற்றிப் போட்டிருந்த புதுக் கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு டெல்லியிலேயே சட்டம் வந்தது. காசு கட்டி ஆடும் ஆட்டம் நாடு முழுக்கக் கூடாது என்றார்கள். இத்தனை வருஷம் விதிக்கு விதி சந்து கண்டுபிடித்த கம்பெனிக்கு இந்த முறை சந்து கிடைக்கவில்லை. காலையில் செயலியைத் திறந்தால் சாம்பல் நிறத்தில் ஒரு அறிவிப்பு. எங்கள் சம்பளம் நின்றது. பின்வாசல் வழியாகக் கம்ப்யூட்டர்களை லாரியில் ஏற்ற வந்தவர்களைப் பையன்கள் மறித்தார்கள். கல் பறந்தது, ஒருவனுக்குப் பல் போனது. ஒற்றை அறையில் கம்பெனியைத் தொடங்கிய நிறுவனர் அன்று திருச்சிப் பக்கமே வரவில்லை.

நான் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் டோக்கன் பதிவு செய்யும் வேலையில் இருக்கிறேன். போன மாதம் வீட்டு மோட்டாரில் சுழலும் ஷாஃப்ட் தண்டு தேய்ந்துபோய், கடைந்து வாங்க அரியமங்கலத்துக்கு அண்ணனோடு போனேன். அங்கே இருந்த பட்டறைகளில் அவருடையது எதுவென்று தெரியாமல் ஒன்றில் நுழைந்தோம். லேத் ஓடிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தவரின் புருவத்தில் தழும்பு. நான் அண்ணன் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினேன். அவர் மெஷினை நிறுத்தினார்.

“பாட்டில் எறிஞ்ச பொண்ணுதானே? உக்காருங்க. அவங்க கை எப்படி இருக்கு?”

சரியாகக் கூடவில்லை என்றேன். லேத்தை விற்காமல் விட்டது அக்கா திட்டியதாலா என்று கேட்டேன். அவர் கழிவுப் பஞ்சில் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“திட்டினது எல்லாம் மறந்துபோச்சுங்க. அந்தக் கை உடைஞ்ச சத்தம்தான் போக மாட்டேங்குது. தடை வந்த பிறகும் வேற வேற பேர்ல வெளிநாட்டு ஆப்புன்னு கூப்பிடுறானுங்க. போனைக் கையில எடுத்தா அந்தச் சத்தம் கேக்குது. வச்சிர்றேன்.”

ஷாஃப்ட்டுக்குக் கூலி வாங்க மாட்டேன் என்றார். அண்ணன் வற்புறுத்திக் கொடுத்துவிட்டு வந்தான்.

அந்த வாரமே லீடரக்காவைப் போய்ப் பார்த்தேன். ஸ்ரீரங்கத்தில் ஒரு கேஸ் ஏஜென்சியில் புக்கிங் எடுக்கிறார். நான் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். “அப்ப நான் தொண்டை கிழியக் கத்தினது ஒண்ணுக்கும் ஆகலையா? எலும்பு முறிஞ்சாத்தான் இவனுங்களுக்குக் கேக்குமா?” என்று அந்தக் கோணல் கையாலேயே மேஜையில் ஒரு அடி அடித்தார். சிரிப்பு நின்றது. கண் கலங்கியிருந்தது. “லேத் ஓடுதாடி, நெசமாவே?” என்றார். ஓடுது அக்கா, நானே பார்த்தேன் என்றேன்.

அதற்குள் போன் மணி அடித்தது. ஹெட்செட்டை மாட்டினார். யாரோ சிலிண்டர் வரவில்லை என்று கத்துவது எனக்கே கேட்டது. லீடரக்காவின் இடது கை ஒயரைப் பிடித்திருந்தது. கட்டைவிரல் பொத்தான் பக்கத்தில் விறைத்து நீட்டிக்கொண்டிருந்தது. அது இப்போது மடங்குவதில்லை. வலது கையால் அழுத்தலாம்தான். அவர் அழுத்தவில்லை. “யோவ், வாயை அடக்கிப் பேசு” என்று தொடங்கி, முகம் சிவக்க, நிறுத்தாமல் திட்டினார். எதிர்முனையில் இருந்தவருக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டிருக்கும்.