அவளுக்கு அடுத்து யார்?

எங்கள் ஆலயத்தின் கண்ணாடி அலமாரியில் இப்போது அந்த வெள்ளிக் கிண்ணம் இருக்கிறது. திருவிருந்தில் திராட்சரசம் பரிமாறிய கிண்ணம். மேலே ஒரு விளக்கும் போட்டிருக்கிறார்கள். பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. வயதானால் தணியும் என்றார்கள், தணியவில்லை.

எழுபதுகளின் கடைசி. வடக்கே, நாட்டின் தலைநகரில், கிட்வாய் நகர் அரசுக் குவார்ட்டர்ஸில் அண்ணன், மதினி, நான். ஞாயிறு மாலை, இந்திக்காரர்களின் ஆராதனை முடிந்தபின் அதே ஆலயத்தில் தமிழ் ஆராதனை நடக்கும். திருவிருந்து வேளையில் எல்லோரும் பீடத்தின்முன் முழங்காற்படியிட, எங்கள் பெஞ்சில் இருவர் மட்டும் மிஞ்சுவோம். திருவிருந்தில் சேரத் தகுதி தரும் திடப்படுத்தல் எனக்கு இன்னும் ஆகவில்லை. மதினிக்கு ஆகியிருந்தது, ஆனாலும் போகமாட்டாள். கேட்டால், "எனக்கு என்னட்டி தகுதி இருக்கு?" என்பாள்.

அந்தச் சொல் அவளுடையதன்று, அண்ணன் ஊட்டியது. "இவளுக்கு ஒரு எழவும் தெரியாது. 'பையா, ஜல்தி'ன்னு ரெண்டு வார்த்த இந்தி சொல்லிக்குடுத்தேன். அதையும் காய்காரன் மூஞ்சியப் பாக்காம தரையப் பாத்துதான் சொல்லுவா" என்று விருந்தினர் முன்னால் சிரிப்பார். அவர்களும் சிரிப்பார்கள். சிரித்துக்கொண்டே ஒருத்தியைச் சிறுகச் சிறுக இல்லாமலாக்கும் அந்தச் சாமர்த்தியத்தை நான் அன்றும் மன்னிக்கவில்லை, இன்றும் மன்னிக்கவில்லை.

சபையில் ஜுக்கிகள் எனப்படும் குடிசைப் பகுதிகளிலிருந்து வரும் தமிழரும் இருந்தார்கள். வீட்டு வேலைக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள். கடைசி வரிசையில் உட்காருவார்கள். திருவிருந்துக்கும் கடைசியாகவே வருவார்கள். அப்படி எங்கும் எழுதி வைக்கவில்லை. ஒரே கிண்ணம் வாய்க்கு வாய் போகிறதே, அவர்களுக்குப் பின் மற்றவர்கள் குடிக்க நேரக்கூடாது என்று தானாகவே அமைந்துவிட்ட ஏற்பாடு.

ஒரு ஞாயிறு, சபைக்குப் புதியவளான சேலத்துப் பெண் ஒருத்தி, இது தெரியாமல், முதல் ஆளாகப் போய் முழங்காற்படியிட்டாள். சபைச் செயலர் வீட்டில் பாத்திரம் துலக்குகிறவள். எழுந்த முன்வரிசைக்காரர்கள் மறுபடி உட்கார்ந்தார்கள். ஒருவர் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். செயலரின் மனைவி கைக்குட்டையைத் தேடினார். காலையில் அவள் துலக்கிய தம்ளரில் காப்பி குடித்துவிட்டு வந்தவர்! செயலர் குனிந்து, "கடைசில வாம்மா. இங்க ஒரு ஒழுங்கு இருக்கு" என்றார். "தப்புங்களா ஐயா?" என்று அவள் எழப் பார்த்தாள். போதகர் அப்பத் தட்டோடு தரையைப் பார்த்து நின்றார்.

என் பக்கத்து இடம் காலியானது. மதினி நடந்துபோய் அவளருகே முழங்காற்படியிட்டு, தோளில் கைவைத்து, "இருங்கக்கா, எந்திரிக்காதீங்க" என்றாள். காய்காரனை நேரே பார்க்காத கண்கள் செயலரை நேரே பார்த்தன. அப்பம் வந்தது, கிண்ணமும் வந்தது. சேலத்துப் பெண் குடித்தாள். வழக்கம்போல் விளிம்பைத் துடைக்கப் போதகர் துணியை எடுப்பதற்குள், மதினி கிண்ணத்தைப் பிடித்துத் தன் வாயில் வைத்துவிட்டாள்.

வீட்டில் அண்ணன் குதித்தார். "என் மானத்த வாங்கிட்டியே ஏளா! இத்தன நாளா தகுதியில்லன்னு உக்காந்திருந்தவளுக்கு இன்னைக்கு எங்கருந்து வந்துச்சு தகுதி?"

"இன்னைக்கும் இல்லதான். உங்களுக்கும் இல்ல. ஆண்டவரு அதப் பாத்தா கூப்பிட்டாரு? அந்த அக்காவ எந்திரிக்கச் சொன்னப்பதான் எனக்கு வெளங்குச்சு. அவங்களுக்கு அங்க எடம் உண்டுன்னா எனக்கும் உண்டு." தட்டை எடுத்து வைத்தாள். "சோறு ஆறுது, வாங்க."

அதன்பின் அவள் கடைசி வரிசையில்தான் உட்கார்ந்தாள். ஜுக்கிகளில் யார் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் போனாள். காய்காரனிடம் தப்புத் தப்பாக, உரக்க இந்தி பேசினாள். அவன் சிரித்தால் தானும் சிரித்தாள். அண்ணனிடமும் அன்பாகவே இருந்தாள், பயமில்லாமல். அந்த மனம் எனக்கு வாய்க்கவில்லை. அவளுடைய அடக்க ஆராதனையில் அவளை 'அமைதியான சகோதரி' என்று புகழ்ந்தபோது எழுந்து கத்தத் தோன்றியது.

இப்போது சின்னச் சின்னப் பிளாஸ்டிக் கிண்ணங்கள், ஆளுக்கொன்று, தட்டில் நம் இருக்கைக்கே வருகின்றன. சுகாதாரம் என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அன்று எழுந்து உட்கார்ந்தவர்களின் பிள்ளைகள் இன்று எழவே வேண்டியதில்லை. யாருக்குப் பின்னாலும் குடிக்க வேண்டியதில்லை. என் பங்கைக் குடித்துவிட்டு அலமாரியைப் பார்க்கிறேன். அந்த வெள்ளிக் கிண்ணத்தின் விளிம்பை யாரோ பளபளவென்று துடைத்து வைத்திருக்கிறார்கள்.