மூன்று பாட்டில் நல்ல தண்ணீர்

"நீர் மாதிரி எடுக்கும்போது உடனிருக்கும், விருப்பு வெறுப்பற்ற உள்ளூர்ச் சாட்சி." செங்கம்மாளைப் பற்றி செங்கல்பட்டில் ஓர் அலுவலகக் கோப்பு இப்படித்தான் சொன்னது. எழுதியவர் அவளை ஐந்து நிமிடம் பேச விட்டிருந்தால் அந்த இரண்டு சொற்களை அவரே அடித்திருப்பார். மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த அந்தக் காலனியில் அவளுக்கு அபிப்பிராயம் இல்லாத விஷயமே கிடையாது. மீன்காரியின் தராசு, சர்ச் ஸ்பீக்கரின் சத்தம், பக்கத்து வீட்டு மருமகளின் கோணல் கோலம் என்று எதன்மீதும் அவளுக்கு விருப்போ வெறுப்போ உண்டு. சிலவற்றின் மீது இரண்டும்.

பஞ்சாயத்துத் தண்ணீர்த் தொட்டிக்கு மோட்டார் போட்டு நிறுத்துவது அவள் வேலை. அடுத்தவர் வயலுக்கே பரம்பரையாகத் தண்ணீர் பாய்ச்சிய குடும்பம். ஊருக்குத் தண்ணீர் விடும் சாவி தன் இடுப்பில் தொங்குவதில் அவளுக்கு ஏகப் பெருமை.

இரண்டாயிரத்தில் ஊரின் மேற்கு ஓரத்தில் ஆழ்குழாய் இறக்கி, சிறுசேரி கம்பெனிகளுக்கு லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுபோனார்கள். அனுமதிக்கு ஒரே நிபந்தனைதான்: ஊர்க் குடிநீர்க் கிணறு கெடக்கூடாது. ஒரே வருஷத்தில் அந்தப் பக்கம் நல்ல தண்ணீர் போக, இந்தப் பக்கம் கடல் உள்ளே வந்தது. கிணறு கரித்தது. பருப்பு வேகவில்லை. குடிப்பதற்குப் பெண்கள் ஒரு மைல் நடந்து சவுக்குத்தோப்பு ஊற்றுக்குப் போனார்கள்.

கிணற்றைச் சோதிக்க வருஷத்துக்கு ஒருமுறை பொறியாளர் ராமானுஜம் பாட்டிலோடு வருவார். பஞ்சாயத்து அலுவலக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தபடியே செங்கம்மாளிடம், "கிணத்துல ஒரு பாட்டில் பிடிச்சுண்டு வாங்கம்மா" என்பார். பாட்டில் வரும். அவரும் போவார்.

லாரியால் அவள் வீட்டுக்கும் ஒரு நன்மை உண்டு. லாரி கான்டிராக்டர் சிபாரிசில் அவள் புருஷன் சின்னையனுக்குச் சிறுசேரி கம்பெனி ஒன்றில் தோட்டக்காரன் வேலை. யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு புல்லுக்குத் தண்ணீர் காட்ட வேண்டும். இரண்டாயிரத்து நாலு மே மாதம் ஒரு சாயங்காலம் அவன் உற்சாகமாக வந்தான்.

"இன்னாமே, வர்ற வாரம் ஓவர்டைம். வெளிநாட்டுக்காரனுங்கல்லாம் வர்றானுங்க. பூமி சூடாவுது, ஒலகம் பூரா தண்ணிப் பஞ்சம்னு மீட்டிங்கு. அவுனுங்க பாக்க சொல்லோ புல்லு பச்சையா இருக்கணுமாம். தெனம் ரெண்டு லாரி ஜாஸ்தி."

"எங்கேந்து?"

"வேற எங்க? நம்மூர்லேந்துதான்" என்று சொல்லி, கிணற்றுத் தண்ணீரில் போட்ட கரிக்கிற டீயை ஒரே மடக்கில் முடித்தான்.

மறுநாள் காலை ராமானுஜம் பாட்டிலோடு ஓர் அறிவிப்பும் கொண்டுவந்து பஞ்சாயத்து அலுவலகச் சுவரில் ஒட்டினார். எட்டாவது படித்த செங்கம்மாள் எழுத்துக் கூட்டாமலே படித்தாள். 'மூன்றாண்டுச் சோதனைகளின்படி குடிநீர்க் கிணறு நல்ல நிலையில் இருப்பதால், லாரி அனுமதியை மேலும் ஐந்தாண்டு நீட்டிக்க உத்தேசம்.'

"இன்னா சார் இது? வாயில வெக்க முடியல, நல்லா கீதுன்னு போட்டுக்கிறீங்க?"

"நான் போடலம்மா, லேப் ரிப்போர்ட். மூணு வருஷமும் ஏ ஒன் தண்ணி."

"எந்தத் தண்ணி?"

"நீங்க பிடிச்சுக் கொடுத்ததுதான்."

செங்கம்மாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மூன்று பாட்டிலையும் அவள் கிணற்றில் நிரப்பவில்லை. தலையில் சுமந்து வந்த ஊற்றுத் தண்ணீரை, தன் வீட்டுக் குடத்திலிருந்து ஊற்றியிருந்தாள். அதை அவரிடமே சொன்னாள்.

"ஏம்மா அப்படிப் பண்ணினேள்?" என்றார் ராமானுஜம்.

"பெரிய ஆபீசுக்குப் போற தண்ணி சார். பொண்ணு பாக்க வர்றவங்களுக்கு அழுக்குப் பொடவையோடவா பொண்ணக் காட்டுவாங்க? ஊரு மானம் இன்னாவறது?"

ஃபேனுக்கு அடியிலும் அவருக்கு வியர்த்தது. மூன்று முறையும் கிணற்றடியில் நேரில் நின்று பார்த்ததாக அவர் கையெழுத்திட்டிருந்தார். கிணற்றில் சாட்சி எடுக்காத தண்ணீரை, எடுத்ததாக அதிகாரி பார்க்காமலே பார்த்திருந்தார்.

"நடந்தது நடந்துடுத்து. இந்தத் தடவை கிணத்துலயே பிடிங்கோ."

"இது உப்புன்னு வந்தா லாரி நிக்குமா?"

அவர் சுவரைப் பார்த்தபடி சொன்னார்: "ஒரு வருஷம் ஏதோ கோளாறுன்னு சொல்லிடுவா. மூணு நல்ல ரிப்போர்ட் இருக்கே. லாரி ஓடும்."

"அந்த மூணும் பொய்யின்னு எழுதிக் குடுத்தா?"

வாசலில், கம்பெனி ஆட்களை ஏற்றிப்போகும் ஷட்டில் வண்டிக்குக் கிளம்பிய சின்னையன் நின்றிருந்தான். "வாய மூடிக்கினு வூட்டுக்கு வாமே. லாரி நின்னா மொதல்ல புல்லு காயும், அடுத்தது நானு. ஒன் வேலயும் பூடும்."

"ஊருக் கேணிய நானே கொன்னுட்டேன்யா."

"நீ இன்னா பண்ணே? நல்ல தண்ணிதானே குடுத்தே!"

"அதத்தான்யா சொல்றேன்."

"நீ ஒருத்தி நாயம் பேசினா ஒலகம் குளுந்துடுமா?"

"ஒலகத்த வுடு. அதுக்கு நான் பாட்டில் ரொப்பல."

ஷட்டில் வண்டி ஹாரன் அடித்தது. அதைப் பிடிக்கச் சின்னையன் ஓடவில்லை.

செங்கம்மாள் கிணற்றில் வாளி இறக்கி நாலாவது பாட்டிலை நிரப்பினாள். முந்தைய மூன்றும் கிணற்றுத் தண்ணீர் அல்ல, தன் வீட்டுக் குடத்துத் தண்ணீர் என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டாள். இரண்டையும் ராமானுஜத்திடம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக அவரிடம் எழுதி வாங்கினாள்.