கடைசியாய்ச் சொல்ல வேண்டிய பெயர்

முந்தையோருக்கும் பிந்தையோருக்கும் ஒரே தந்தையாய் நிற்கும் கருணைக் கடலே, நின் திருவடி போற்றி. கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு முந்தைய ஞாயிறாகிய இன்று இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் இறுதியில், வடக்கே தலைநகரில், சரோஜினி நகர் அரசுக் குடியிருப்பில், ‘அங்கீட்டி’ அடுப்பின் கரிப்புகை கண்ணைக் கரிக்கும் குளிர்கால மாலைகளில், நாங்கள் பாயில் முழங்காலிட்டிருப்போம். நெல்லைச் சீமையிலிருந்து வந்து எங்களோடு தங்கிவிட்ட ‘பாட்டையா’, என் தந்தையைப் பெற்றவர், குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் பெயர்களை மூப்பு வரிசையில் ஒவ்வொன்றாய்ச் சொல்லி, கடைக்குட்டியான என் பெயரில் நிறுத்துவார். நாங்கள் ‘ஆமென்’ என்போம். அவ்வரிசையில் எஸ்தர் அத்தை மட்டும் இல்லை. செவிலியாயிருந்த அவள் ஒரு பஞ்சாபியரை மணந்து அதே நகரின் ஆர்.கே.புரத்தில் வாழ்ந்துவந்தாள், அவள் பெயரை வீட்டில் எவரும் எடுக்கலாகாது என்பது அப்பாவின் கட்டளை.

ஒரு ஞாயிறு பிற்பகல் பாட்டையா அம்மாவிடம் தணிந்த குரலில் சொன்னார்: “இன்னைக்கு ஜெபத்துல கடைசியா எஸ்தர் பேரச் சொல்லிருவேன், மருமவளே. ஆண்டவர் முன்னால சொல்லிட்டா எம் மவன் ஆமென் சொல்லித்தான ஆவணும்? கிறிஸ்மசுக்கு அவளக் கூப்பிட்டிரலாம்.”

அருகிலிருந்த நான் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆயினும், பக்கத்து வீட்டு ஆண்ட்டியின் டெலிவிஷனில் இந்திப் படம் தொடங்கும் நேரம் நெருங்க நெருங்க, வேறொன்றும் என் நினைவில் நிற்கவில்லை.

“ஜல்தி, பாட்டையா! பிக்சர் போட்டுருவாங்க!”

“ஒம் பிக்சருக்காவ ஆண்டவர் ஓடணுமோ, ஏட்டி?” என்று சிரித்தபடியே முழங்காலிட்டார்.

பெயர்கள் சென்றன, என் பெயரும் வந்தது. அதன்பின் அவர் மூச்சை இழுத்து நிறுத்தினார். அந்த மௌனத்தை முடிவென்று கொண்டு நான் உரக்க ‘ஆமென்’ என்றேன். பழக்கத்தால் அப்பாவும் சொல்லிவிட்டு, வேதாகமத்தை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். பாட்டையா கண்திறந்து என்னைப் பார்த்தார். “போ, பாரு போ” என்றார். பின்பு அம்மாவிடம், “அடுத்த ஞாயித்துக்கெழம பாப்பம்” என்றார்.

வியாழனன்று பக்கவாதம் அவர் நாவைக் கட்டியது. பத்து நாள் அவருடைய உதடுகள் எதையோ சொல்ல முயன்றன. அப்பா கரண்டியால் தண்ணீர் ஊற்றினார். “தண்ணி இல்லங்க, எஸ்தரத்தான்…” என்று அம்மா தொடங்கியபோது, “சும்மா இரு” என்றார். என் அவசரத்தைப் பற்றி நான் எவரிடமும் சொல்லவில்லை.

பாட்டையாவை அடக்கம் செய்த அன்று, கல்லறைத் தோட்டத்து வாயிலில், கைக்குழந்தையோடு அத்தை நின்றாள். மண் மூடி முடியுமுன் போய்விட்டாள். அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

இன்று அப்பாவும் இல்லை, அத்தையும் இல்லை. அந்தக் குடியிருப்பை இடித்து அடுக்குமாடி எழுப்பிவிட்டார்கள். ஒரே பாயில் மூன்று தலைமுறை முழங்காலிடும் வீடு எங்கள் உறவில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. அத்தையின் மக்கள் இந்நகரிலேயே இருப்பதாகக் கேள்வி. மெட்ரோவில் என் அருகில் வந்து அமர்ந்தாலும் அடையாளம் அறியேன். அவர்களுக்காக மன்றாட முழங்காலிடுகிறேன்; என்ன பெயர் சொல்லி மன்றாடுவது என்று தெரியவில்லை.

இதை வாசிக்கும் அனைவரையும், அவர்தம் மூத்தோரையும் மக்களையும், பிரிந்து நிற்போரையும் சேர்த்து, ஆண்டவர் ஆசீர்வதிப்பாராக.