பொங்கலுக்கு முதல் நாள் நிறைந்த தொட்டி

வென்ட்வேர்த்வில்லில் இருந்த இரஞ்சிதத்துக்குப் பரமட்டா ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் வேலை. புருஷன் விக்னராஜா யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தவர். சிட்னிக்கு வந்தும் ஒரு கந்தோரில் பேனாதான் பிடித்தார். இரஞ்சிதம் குளிக்காமல் அடுப்பு மூட்டமாட்டாள், திருநீறு பூசாமல் படி இறங்கமாட்டாள்.

எழுபத்தெட்டாம் ஆண்டுத் தைப்பொங்கலையாவது சூரியன் தெரிகிற வெளியில் பொங்கவேண்டும் என்று அவளுக்கு ஒரு ஆசை. வந்த நாள்தொட்டு மாடிவீட்டுக் குசினிக்குள் சுவரைப் பார்த்தே பொங்கியவள். அதற்காக விக்னராஜா சக்கரத்தில் ஓடும் சின்ன வீடான கரவன் ஒன்றைப் பழசாக வாங்கி, காரின் பின்னால் கொழுவி, ஹோக்ஸ்பரி ஆற்றங்கரைக்கு இழுத்து வந்தார். அங்கே கரண்டும் இல்லை, குழாயும் இல்லை, கக்கூசும் இல்லை. ஆனால் கிழக்குப் பக்கம் முழுக்கத் திறந்து கிடந்தது.

கரவனுக்குள் ஒரு பிளாஸ்ரிக் கக்கூசு இருந்தது. மேல்பாதி இருக்கை, கீழ்ப்பாதி கழிவுத் தொட்டி. தொட்டியைத் தனியாகக் கழற்றலாம். இரண்டு பேருக்கு ஒரு கிழமை தாங்கும் என்று விற்றவன் சொல்லியிருந்தான். அது கடதாசியால் துடைக்கிறவர்களின் கணக்கு. இவர்களோ செம்பும் தண்ணீருமாக உள்ளே போனார்கள். பொங்கலுக்கு முதல் நாள் காலையிலேயே தொட்டி விளிம்புக்கு வந்துவிட்டது.

"இஞ்சருங்கோ, இனி ஒருத்தரும் உள்ள போகேலாது."

"கடதாசி பாவிக்கச் சொன்னனான் எல்லே?"

"நீங்கள் பாவிச்சனீங்களோ?"

விக்னராஜா தேத்தண்ணீர்க் கோப்பையை எடுத்துக்கொண்டார்.

கரவன்கள் நிற்கும் அந்த ஆற்றங்கரைக்குக் காவலாளியான கெவினிடம் போய்க் கேட்டார்கள். நிலத்தில் ஒரு சொட்டு ஊற்றினாலும் அன்றைக்கே இடத்தை விடவேண்டும் என்றார் அவர். பக்கத்து ஊர் விளையாட்டுத் திடலில் கழிவுக்குழி உண்டு, அங்கே கொண்டுபோய் ஊற்றலாமாம்.

"அப்ப கரவனோட போட்டு வருவம்," என்றார் விக்னராஜா.

"கரவனை எடுத்தா இந்த இடம் மிஞ்சுமே? எத்தினை பேர் இடந்தேடிச் சுத்துதுகள், பாருங்கோ. பிறகு நாளைக்கு எங்க பொங்கிறது? தொட்டியை மட்டும் கார் டிக்கியில வைப்பம்."

"ஆர் தூக்கிறது? கச்சேரிக் கிளாக்கர் மலம் தூக்கினதெண்டா ஊர் சிரிக்கும், இரஞ்சி."

"ஊர் இஞ்ச எங்க இருக்கு? ரெண்டு கங்காருதான் நிக்குது."

ஊரில் அவர்கள் வீட்டுக் கக்கூசு வாளியைப் பின்னொழுங்கையால் ஒருவர் வந்து எடுத்துப்போவார். அந்த வேலையை ஊரார் அவர் சாதியின் தலையில் கட்டியிருந்தார்கள். அவர் வரும் சத்தம் கேட்டால் இரஞ்சிதம் கதவைச் சாத்திவிடுவாள். ஒருநாளும் பெயர் கேட்டதில்லை. இப்போது அதை நினைக்க அவளுக்கு நெஞ்சு கூசியது.

"எங்கட அழுக்குத்தானே," என்று சீலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு கைபிடியைப் பிடித்து இழுத்தாள். தொட்டி அசைந்தது, எழும்பவில்லை. உள்ளே தளும்பியது.

அதைக் கண்ட கெவின், "பொறுங்கள், நான் ஒரு பக்கம் பிடிக்கிறேன்," என்று தொப்பியைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு வந்தார்.

விக்னராஜாவுக்கு அதுதான் தாங்கவில்லை. வெள்ளைக்காரன் ஒருவன் தன் வீட்டு மலத்தைத் தூக்க, தான் கோப்பையும் கையுமாக நிற்பதா?

"நோ, நோ, மிஸ்டர் கெவின்!" என்று பாய்ந்துபோய் மற்றப் பக்கத்தைப் பிடித்தார். "நீர் மெதுவாத் தூக்கும், இரஞ்சி. என்ர சப்பாத்தில ஊத்திப்போடாதையும்."

திடல் வரைக்கும் காரின் கண்ணாடிகளை இறக்கிவிட்டுப் போனார்கள். குழியில் ஊற்றும்போது விக்னராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்; கையை மட்டும் எடுக்கவில்லை. திரும்பி வந்தபோது கரவன் நின்ற இடத்தில் நின்றது. இரஞ்சிதம் தலையில் தண்ணீர் வார்த்து, சிவசிவா என்று திருநீறு பூசினாள். தீட்டு ஒன்றும் ஒட்டியதாக அவள் மனதுக்குப் படவில்லை.

மறுநாள் காலை வெளியில் காஸ் அடுப்பை வைத்துப் பொங்கினாள். ஆற்றுக்கு அப்பால் சூரியன் கிளம்ப, பால் கிழக்குப் பக்கமாகவே பொங்கி வழிந்தது. இருவரும் கும்பிட்டார்கள்.

"சாப்பிட்டிட்டு ஒருக்காத் திடலுக்குப் போட்டு வாறன்," என்றார் விக்னராஜா. "தொட்டி இப்ப பாதிதான். நான் தனியத் தூக்குவன்."